கை நனைக்காத தாய்மாமன்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் முன்பல் ஆறுக்கும் வெனீர் ஒட்டியிருக்கிறேன். மெல்லிய பீங்கான் உறை, தேங்காய்ச் சில்லு போல வெள்ளை.

இன்று தங்கச்சி மகளுக்காகக் கொட்டாரத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். பால் விடாத கட்டன்சாயா வந்தது. கறை பிடித்துவிடுமே என்று பயந்து, "வேண்டாம்" என்றேன்.

பெண்ணின் தாய்மாமன் அந்த வீட்டில் கை நனைக்காவிட்டால், சம்பந்தத்தில் சம்மதமில்லை என்றுதான் இங்கே அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"அண்ணனுக்கு எங்க வீடு பிடிக்கலியா?"

தங்கச்சி முழங்கையால் இடித்து, காதில் சொன்னாள்: "எனக்க மவளுக்க கல்யாணமா, ஒமக்க பல்லா?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். கூடமே சிரித்தது.

"இதுக்கா எங்கள இப்பிடிப் பதற வச்சிய? பல்லு நல்லாத்தான் இருக்கு, குடியுங்க!" என்றார் அந்த அம்மா.

நாலுபேர் முன்னால் சிரிக்கப் போட்ட பல். அதைக் காப்பாற்றப் போய், நாலுபேர் சிரிப்பைக் கெடுக்கப் பார்த்திருக்கிறேன். வெட்கத்தில் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

திரும்பும் வழியில் பல் டாக்டருக்குப் போன் போட்டேன்.

"டீ குடிச்சா உடனே வாய் கொப்பளிச்சாப் போதும் சார். முன்பல்லால கட்டியானதக் கடிக்காதீங்கன்னுதானே நான் சொன்னேன்?"

சாயாவோடு, கல் போலிருந்த முந்திரிக்கொத்துப் பலகாரம் மூன்றையும் கடித்திருந்தேன். எல்லாம் முன்பல்லால்.