உடைபடாத கதவு

புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் தவறு, கண்ணில் படுகிற பாறையையெல்லாம் கொத்துவது. நானும் அப்படித்தான் கொத்தினேன். போனில் ஆடுகிற அந்த விளையாட்டில் சேர்ந்தவுடன் நம்மை ஒரு கடற்கரையில் இறக்கிவிடுவார்கள். கையில் ஒரு உருண்டைக் கல் மட்டும் இருக்கும். அதை வைத்து மரத்தைத் தட்டினால் கட்டை கிடைக்கும், பாறையைத் தட்டினால் கல் கிடைக்கும். துருப்பிடித்த மாதிரிக் கோடு ஓடுகிற பாறையில் இரும்பு இருக்கும். மஞ்சள் பொடி ஒட்டியிருக்கிற பாறையில் கந்தகம். இவற்றைச் சேர்த்துத்தான் கருவி, வீடு, கதவு எல்லாம் செய்துகொள்ள வேண்டும். எங்கெங்கோ உட்கார்ந்து நம்மைப் போலவே போனைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆட்கள் அதே காட்டில் நடமாடுவார்கள். அவர்கள் நம்மை அடித்துப் பறிக்கலாம். கூடச் சேர்ந்துகொள்ளவும் செய்யலாம்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவன், ஸ்டாண்டில் என் ஜீப்புக்குப் பின்னால் நிற்கிற ஜீப்பின் டிரைவர். என்னைவிடச் சில வயது இளையவன். இருவரும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சூரியநெல்லியில் ஓட்டுகிறோம். உச்சியில் உதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறக்குவது வேலை. மழைக்காலத்தில் மேகம் மலையை மூடிவிட்டால் யாரும் வரமாட்டார்கள். ஜீப்புகள் டர்ன் பிடித்து வரிசையாக நிற்கும். கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு நாளில் அவன் என் ஜீப்பில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, என் போனில் அந்த விளையாட்டை ஏற்றினான்.

"எதைக் கண்டாலும் கொத்தாதீங்கண்ணே. கொழுந்து எடுக்குற மாதிரிதான். கண்ட எலையையும் பிடுங்கிப் போட்டா கூடை ரொம்பும், பாக்டரில எடுக்க மாட்டான். வேணும்னா மதினிகிட்ட கேளுங்க."

என் மனைவி தேயிலை எடுக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது அவள் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "காலையில மலை ஏறுறீங்க, மத்தியானம் கல்லு ஒடைக்கிறீங்க. சாயங்காலம் என்ன, கெணறு வெட்டப் போறீங்களா?" என்றாள்.

நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவன். விளையாட்டில் எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் வரும். படத்தையும் நிறத்தையும் வைத்துப் பழகிக்கொண்டேன். கூட விளையாடுகிறவர்கள் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். அதுவும் எனக்குப் படிக்க வராது. பேசலாம், போனில் அதற்கு ஒரு மைக் பொத்தான் உண்டு. ஆனால் முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு எப்போதுமே நாக்கு எழாது. ஜீப்பில் ஏறுகிறவர்களிடம்கூட "கம்பியப் பிடிச்சு உக்காருங்க" என்பதற்கு மேல் பேசியதில்லை. அதனால் எனக்கும் சேர்த்து அவன்தான் பேசினான். "எங்கண்ணன் ஒருத்தர் கூட இருக்காரு. பேச மாட்டாரு. ஆனா கல்லு வெட்டுறதுல அவரை அடிச்சுக்க ஆளில்லை" என்று மைக்கில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான். எனக்குக் கூச்சமாக இருக்கும். சந்தோஷமாகவும் இருக்கும்.

வெட்டுவதில் நான் தேறியது உண்மைதான். பாறையில் அடிக்க அடிக்க ஓரிடத்தில் சின்னதாக ஒரு மினுக்கம் தெரியும். அடுத்த அடி அங்கே விழ வேண்டும். பிறகு மினுக்கம் வேறு பக்கம் நகரும், அதன் பின்னாலேயே போக வேண்டும். கண்டபடி அடிப்பவனுக்குக் கிடைப்பதைவிட இதில் நிறையக் கிடைக்கும், பாறையும் சீக்கிரம் முடியும். சீக்கிரம் முடிவது முக்கியம், ஏனென்றால் பிக்காசின் சத்தம் தூரம் போகும். சில அடி அடித்துவிட்டு நிறுத்திக் காது கொடுக்க வேண்டும். பை நிறையும்வரை நிற்கக் கூடாது. பாதியிலேயே திரும்பி, வந்த வழியாகப் போகாமல் சுற்றிப் போய் வீட்டில் வைத்துவிட வேண்டும். நிறைந்த பையோடு வருகிறவனுக்காகத்தான் வழியில் ஆட்கள் காத்திருப்பார்கள். வெடி செய்கிற கந்தகத்துக்கு ஆசைப்படக் கூடாது. முதலில் இரும்பு, அந்த இரும்பில் முதலில் ஒரு கதவு.

இதையெல்லாம் ஒருநாள் நானே மைக்கைத் திறந்து சொல்லும்படி ஆயிற்று. எங்களோடு புதிதாக நான்கைந்து பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் வேலந்தாவளம் பக்கத்து விவசாயி. மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து விளையாடுவார். மற்றவர்கள் திருப்பூர், வெளிநாடு என்று ஆளுக்கொரு பக்கம். அன்று என் ஆள், அந்தப் பின் ஜீப்காரன், டிரிப் போயிருந்தான். அந்த விவசாயி மஞ்சள் பாறை ஒன்றைப் பார்த்துவிட்டு அதை நோக்கி ஓடினார். பாறைக்குப் பின்னால் இருவர் பதுங்கியிருந்தது எனக்குத் தெரிந்தது. என்னையறியாமல் பொத்தானை அழுத்தி, "போகாதீங்க, போகாதீங்க" என்று கத்திவிட்டேன்.

அவர் நின்றார். "ஏனுங்ணா, நீங்க பேசுவீங்களா?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு மத்தியான நேரங்களில் அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். என் வாயிலிருந்து அவ்வளவு பேச்சு வந்தது எனக்கே ஆச்சரியம். "அண்ணன் சொன்னாப்பல செய்யுங்க" என்று விவசாயி மற்றவர்களை அதட்டுவார். நான் சொல்வதை நாலு பேர் கேட்டு அதன்படி செய்தது, என் ஆயுளில் அந்தக் காட்டுக்குள் மட்டும்தான்.

ஆளுக்கொரு குடிசை போட்டால் ஆளுக்கொரு முறை கொள்ளை போகும். எல்லாக் கல்லையும் ஒரே கட்டடத்தில், ஒரே இரும்புக் கதவுக்குப் பின்னால் வைக்கலாம் என்று நான்தான் அவர்களிடம் சொன்னேன். சொல்லச் சொன்னது என் ஆள். வெட்டியதை அவர்கள் என்னிடமோ அவனிடமோ தருவார்கள், நாங்கள் உள்ளே பெட்டியில் வைப்போம். கதவுக்கு எண் போட்டுத் திறக்கிற பூட்டு. எண்ணை வைத்தவன் நான்.

"நம்பரச் சொல்லுங்கண்ணே. நீங்க டிரிப்புக்குப் போனா நான் எடுத்து வைக்கணும்ல."

சொன்னேன். யோசிக்கவே இல்லை. எங்கள் ஸ்டாண்டில் யாரும் ஜீப்பிலிருந்து சாவியை எடுப்பதில்லை. முன்னால் ஒரு வண்டி போனதும் வரிசை நகர வேண்டும். நான் டீ குடிக்கப் போயிருந்தால் பின்னால் நிற்கிறவன் என் ஜீப்பில் ஏறி முன்னால் நகர்த்திவிட்டு, பிறகு தன்னுடையதை நகர்த்துவான். எத்தனையோ வருஷமாக என் சாவி அவன் கைக்கும் அவன் சாவி என் கைக்கும் போய்வந்துகொண்டிருந்தது. ஒருவன் டர்னை இன்னொருவன் தொட்டதில்லை. பூட்டு எண்ணைக் கேட்டபோது எனக்கு அதுவும் சாவியாகத்தான் தெரிந்தது.

மழை விட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்த ஒரு நாள், திரும்பி வரும் வழியில் யானை குறுக்கே நின்றுவிட்டது. வெயில் ஏறும்வரை அது நகரவில்லை. போனில் சிக்னல் தமிழ்நாட்டு டவருக்குப் போவதும் அறுந்துபோவதுமாக இருந்தது. மத்தியானம் ஸ்டாண்டுக்கு வந்து ஜீப்பை வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டு விளையாட்டைத் திறந்தேன். எங்கள் கட்டடம் அப்படியே நின்றது. கதவில் ஒரு கீறல்கூட இல்லை. எண் போட்டுத் திறந்து உள்ளே போனேன். பெட்டிகள் எல்லாம் காலி. மழைக்காலம் முழுக்க நாங்கள் வெட்டிய இரும்பு, கல், விவசாயி ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த கொஞ்சம் கந்தகம், ஒன்றும் இல்லை.

உடைத்து உள்ளே வந்திருந்தால் எனக்கு வருத்தம் மட்டும்தான் இருந்திருக்கும். அந்தக் கதவு உடையாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எண் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அவன் டீக்கடையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தான்.

"பெட்டில ஒண்ணுமே இல்லடா" என்றேன்.

அவன் மறைக்கவே இல்லை. எண்ணெய்க் கையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு, "ஆமாண்ணே, எடுத்துட்டேன். பெரிய குரூப்பு ஒண்ணு சேத்துக்கிறேன்னான். வெறுங்கையோட போனா சேப்பானா?" என்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த..."

"சொன்னா விட்டிருப்பீங்களா? வெளையாட்டுண்ணே. எடுக்குறதும் புடுங்குறதும்தான் அதுல வெளையாட்டே. என்னமோ ஒங்க ஜீப்ப ஓட்டிட்டுப் போன மாதிரி முழிக்கிறீங்க!"

பக்கத்தில் இருந்த இன்னொரு டிரைவர், "அந்த மனுசன்கிட்ட என்னத்தடா எடுத்த?" என்று கேட்டார்.

"கல்லு மாமா."

"கல்லா? மேல ரோடு பூரா அதான் கெடக்கு. ஒரு லோடு அள்ளி அவர் வாசல்ல கொட்டு."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்படிப்பட்ட நேரத்தில் சிரித்து வைப்பது என் வழக்கம். அவன் இன்னொரு பழம்பொரியை என் கையில் திணித்தான். தின்றேன். அவன் சொல்வதும் சரிதானே, விளையாட்டில் எடுத்தான், எடுத்ததை ஒத்துக்கொண்டான், விட்டுவிடலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனேன். மற்றவர்களிடம் நடந்ததைச் சொல்லி, திரும்பவும் வெட்டலாம் என்று சொல்ல வேண்டும். அதை எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சாயங்காலம் திறந்தபோது விவசாயி மட்டும் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"ஏனுங்ணா, இப்படிப் பண்ணிப்போட்டீங்க? வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நாங்களே குடுத்திருப்பமுங்களே."

எனக்குப் புரியவில்லை. "நான் எடுக்கலைங்க" என்றேன்.

"உங்க கூட இருக்கறவருதானுங்ணா காலைல சொன்னாரு. அண்ணன் வேற குரூப்புக்குப் போறாரு, ராவோட ராவா பெட்டியக் காலி பண்ணிப்போட்டாரு, எனக்கே இப்பத்தான் தெரியும்னு. அழுகாத கொறைங்க அந்த மனுசன்."

நான் யானைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த நேரம் அது. அதைச் சொல்லிவிட்டு வந்துதான் அவன் டீக்கடையில் எனக்குப் பழம்பொரி கொடுத்திருக்கிறான்.

நான் இல்லை, நான் இல்லை என்றுதான் திரும்பத் திரும்ப என்னால் சொல்ல முடிந்தது. பேசத் தெரிந்தவனாக இருந்தால் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லியிருப்பேன். எனக்குக் குரல் நடுங்கியது. நடுங்கிய குரலைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம்தான் வரும்.

விவசாயி கெட்டவர் இல்லை. "நாளைக்கு மத்தியானம் எல்லாரையும் வரச் சொல்றனுங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க. நேருக்கு நேரா பேசிப்போடலாம்" என்றார்.

மறுநாள் மத்தியானம் ஸ்டாண்டில் அவன் தன் ஜீப்பில் காலை நீட்டிப் படுத்திருந்தான். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

"கல்ல எடுத்தது வெளையாட்டுன்னு சொன்ன. நான் எடுத்தேன்னு சொன்னியே, அது என்னடா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். முதல்முறையாக என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவங்க என்னைச் சந்தேகப்பட்டா நாளைக்கு அந்தப் பெரிய குரூப்புல என் பேரு கெட்டுப்போகும்ணே. ஒங்களுக்கு அங்க என்ன இருக்கு? ஒங்க பேரு ஊரு எதாச்சும் அவனுகளுக்குத் தெரியுமா?"

"அவங்க எல்லாம் லைன்ல இருக்காங்க. நீயே சொல்லு" என்று போனை நீட்டினேன். அவன் போனையும் என்னையும் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டு, எப்போதும் போலத் தொண்டையைச் செருமி, நல்ல தெளிவாகப் பேசினான்.

"எல்லாருக்கும் வணக்கங்க. அண்ணன் பக்கத்துலதான் நிக்கிறாரு. பாவம், ராத்திரி தூங்கலை போல. தெரியாம பண்ணிட்டாரு, வெளிய சொல்ல வெக்கப்படுறாரு. எனக்காக அவரை மன்னிச்சு விட்டுருங்க."

நான் போனைப் பிடுங்கினேன். "பொய்ங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வெட்டுவதைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருந்த அதே பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு என் மூச்சுச் சத்தம் கேட்டிருக்கும்.

விவசாயிதான் பேசினார். "விடுங்ணா. அழுவாதீங்க. போனது போச்சு. யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் என்னை மன்னித்தார்கள்.

ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். கடைசியாக அவர் மட்டும் காலியான கட்டடத்துக்கு முன்னால் என் எதிரில் வந்து நின்று, தன்னுடைய இரும்புப் பிக்காசை என் காலடியில் போட்டார். "கையில ஒண்ணுமில்லாம நிக்கிறீங்க. இத வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவருக்கு வேறு பிக்காசு இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்தக் காட்டில் கீழே போட்ட பொருளை யாரும் எடுக்காவிட்டால் கொஞ்ச நேரத்தில் அதுவே மறைந்துவிடும். நான் குனியவில்லை. எடுத்தால் திருடியதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. முன்னால் ஒரு ஜீப் கிளம்பிப் போய், "வண்டிய நகத்துங்கப்பா" என்று யாரோ சத்தம் போட்டார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புல்லுக்கு மேல் கிடந்த பிக்காசு ஒருமுறை மங்கி, பிறகு இல்லாமல் போயிற்று.