டால்வா கொண்டுவராத கேக்

சாவோ கார்லோஸ் பல்கலைக்கழகத்தின் பீங்கான் ஆய்வகத்தில், நல்ல செய்தி கிடைத்தவர்தான் மாலைக் காப்பிக்குக் கேக் கொண்டுவர வேண்டும். தரையோட்டு ஆலைத் தொழிலாளியின் மகளான டால்வா பாசானி கடைசியாகக் கேக் கொண்டுவந்தது, முனைவர் பட்டம் வாங்கிய அன்று. அதன்பின், அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கான் வில்லைகளையே அவள் செய்துவந்தாள். நல்ல வில்லைகள்தான். எல்லாம் மேசை இழுப்பறையில் கிடந்தன.

பிறகு கம்பினாஸ் நகரிலிருந்து ஜுசாரா ஆய்வகத்துக்கு வந்தாள். அதே கலவை, அதே அளவு. ஆனால் பிரசவ மருத்துவமனை அவளைத்தான் அழைத்தது. பச்சிளங்குழந்தைக்கு அடியில் விரிக்கும் மெத்தையில் அவளுடைய வில்லைகள் இருக்கும். மூச்சு நின்றால் மணி அடிக்கும். ஜுசாராவின் கேக்குகள் வந்துகொண்டே இருந்தன. டால்வா ஒரு துண்டும் தொட்டதில்லை.

"சர்க்கரை வியாதியா டால்வா, இல்ல வயித்தெரிச்சலா?" என்றார் ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் குழாய்கள் ஊதித் தரும் ஒலாவோ. "என் பல்லு விழுறதுக்குள்ள உன் கேக்க காட்டுவியா?"

"உன்னோடது கட்டுப்பல்லுதானே, அது எங்க விழப்போவுது?"

மருத்துவமனைச் சோதனைக்கு முந்தின நாள் மதியம், ஜுசாரா வில்லைகளைக் கழுவி, உலர்வதற்காக மின்னுலையில் அடுக்கி, பொத்தானை அழுத்திவிட்டுப் போனாள். உலையில் குறித்திருந்ததோ, டால்வா காலையில் வெள்ளிப் பூச்சைச் சுடுவதற்காக வைத்த அதிகச் சூடு. அந்தச் சூட்டில் வில்லை உடையாது, நிறமும் மாறாது. ஆனால் உயர் மின்னழுத்தம் கொடுத்து ஏற்றிய குணத்தை மறந்துவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஊமைதான்.

முகப்பில் எண் ஏறுவதை டால்வா பார்த்தாள். கையை நீட்டினால் நிறுத்திவிடலாம். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எண் அந்தக் குணம் அழியும் எல்லையைத் தாண்டியதும் போய்க் காப்பி ஊற்றிக்கொண்டு, முதல்முறையாக ஜுசாராவின் சோளமாவுக் கேக்கில் ஒரு துண்டு எடுத்தாள். இனித்தது.

மாலையில் உலை ஆறியதும் ஜுசாரா வில்லைகளை டப்பாவில் போட்டாள்.

"அளக்கலையா?" என்றாள் டால்வா.

"கழுவுறதுக்கு முன்னாடியே அளந்தாச்சு. வண்டி காத்துட்டிருக்கு."

அடிக்காத மணியும், மெத்தையில் ஒரு குழந்தையும் டால்வாவின் கண்முன் வந்தன.

"ஒண்ண அழுத்திப் பாரு."

ஜுசாரா அழுத்தினாள்; மின்னளவியின் ஊசி அசையவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை.

ஜுசாரா உலையின் முகப்பைப் பார்த்தாள். "யார் வச்ச சூடு இது?"

"நான் வச்சது. நீ பொத்தான அழுத்துனத பாத்தேன். சொல்லல."

"நீயெல்லாம் மனுஷியா?"

டால்வா இழுப்பறையைத் திறந்து தன் வில்லை ஒன்றை அழுத்திக் காட்டினாள். ஊசி துள்ளியது.

"எடுத்துட்டுப் போ. டப்பா மேல என் பேர எழுது. நாளைக்குக் கேக் என்னோடது."

"நான் திங்க மாட்டேன்."

"தெரியும்," என்றாள் டால்வா. "நானும் இன்னைக்கு வரைக்கும் உன்னோடத தின்னதில்ல."