மூன்றடித் தொட்டியும் முதல் நாள் தண்ணீரும்

எங்கள் எதிர் வீட்டு மெய்-கிங்கைப் போல ஒரு மீன் பைத்தியத்தை எங்கள் க்வாய் சுங் பேட்டை முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. பகலெல்லாம் உணவகத்தில் ஆவி பறக்கும் மூங்கில் கூடைகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு, இறால் கொழுக்கட்டை, இறால் கொழுக்கட்டை என்று கூவிக் கூவித் தொண்டை கட்டி வருவாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மீன் முன்னால் போய் நிற்பாள். அதற்குப் பிறகுதான் புருஷன் இருக்கிறானா இல்லையா என்று பார்ப்பாள்.

அந்த மீன்களை அவள் காசு கொடுத்து வாங்கவில்லை. கூட வேலை பார்த்த ஒருத்தி மகனோடு கனடா போகும்போது, செருப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிய கண்ணாடித் தொட்டியையும் மூன்று தங்கமீன் குஞ்சுகளையும் இவள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அதில் ஒன்று தலையில் கொண்டை வைத்த சிங்கத்தலை. அதற்குக் கடலை என்று பெயர் வைத்தாள். அந்தக் கடலை தின்று தின்று என் கைமுஷ்டி அளவுக்கு வந்துவிட்டது. திரும்புவதற்குள் வால் கண்ணாடியில் மடங்கும்.

"பாருங்கக்கா, சந்துல லாரி மாட்டிக்கிட்ட மாதிரி முன்ன பின்ன போகுது. பாவம்!" என்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

பெரிய தொட்டி வேண்டும் என்று ஆரம்பித்தாள். அவள் புருஷன் பாக்-சுன் மினிபஸ் ஓட்டுகிறவன். வாய் மட்டும் டபுள் டெக்கர் அளவு.

"மூணடித் தொட்டியா? அப்ப நான் எங்க உக்காந்து டிவி பாக்குறது? தொட்டிக்குள்ளயா?"

"உக்காரேன். கடலைக்கும் பேச்சுத் துணையாச்சு."

சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. கடைசியில் அவனுடைய சாய்வு நாற்காலிதான் வீட்டைவிட்டுப் போனது. முனகிக்கொண்டே அவனே அதைக் கீழே தூக்கிக்கொண்டு போனான்.

தொட்டி வாங்க மோங் கோக்கில் மீன் தெருவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சீனப் புது வருஷம் நெருங்கிவிட்டதால் கூட்டம் நெரிந்தது. கடை வாசல்களில் தண்ணீர்ப் பைகளில் மீன்கள் வரிசையாகத் தொங்க, இவள் திருவிழாவுக்கு வந்த குழந்தை மாதிரி ஒவ்வொரு பையிலும் மூக்கை ஒட்ட வைத்தாள். தொட்டியைக் கட்டிக் கொடுத்த கடைக்காரர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பழைய தொட்டி ஃபில்டர்ல இருக்குற ஸ்பாஞ்சை அப்படியே அழுக்கோட எடுத்துப் புதுசுல வைங்க. கழுவிராதீங்கம்மா. மீன் கழிவைத் தின்னுற பூச்சிங்க அந்த அழுக்குலதான் குடியிருக்கு. புதுத் தொட்டியில அதுங்க கிடையாது. ஸ்பாஞ்சு போச்சுன்னா மீனும் போச்சு."

இவள் மந்திரம் மாதிரி அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். எனக்குச் சொன்னாள், மின்தூக்கியில் ஏறியவர்களுக்கெல்லாம் சொன்னாள். கட்டின புருஷனிடம் மட்டும் சொல்லவில்லை! அவனுக்குத்தான் மீன் பேச்சே பிடிக்காதே என்று விட்டுவிட்டாள்.

சந்திரக் கணக்கில் வருஷத்துக் கடைசி மாசம் இருபத்தெட்டாம் தேதி எங்கள் ஊரில் வீடு கழுவாத ஆளே கிடையாது. பழைய வருஷத்து அழுக்கு ஒரு பொட்டுக்கூடப் புதுசுக்குள் வரக்கூடாது. சகுனம் பார்ப்பதில் பாக்-சுன்னை மிஞ்ச ஆளில்லை. அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஜன்னல், மின்விசிறி, சுவர் என்று தேய்த்துத் தள்ளினான். புதுத் தொட்டி மினுமினுவென்று நின்றது. பக்கத்து வாளியில் கன்னங்கரேலென்று, நாற்றமெடுத்து, ஒரு ஸ்பாஞ்சு கிடந்தது. பொண்டாட்டி ஆசைப்பட்டு வாங்கினதில் இந்தக் கண்றாவியா என்று, கொதிக்கிற நீரை ஊற்றி, பிரஷ் போட்டு, பஞ்சு மாதிரி வெளுக்கும்வரை தேய்த்து ஃபில்டருக்குள் பொருத்தி மூடிவிட்டான். வீம்பால் செய்யவில்லை. பாவி மனுஷன், ஆசையாகச் செய்தான்.

சாயங்காலம் வந்த மெய்-கிங் எல்லாம் தயாராக இருப்பதைப் பார்த்துப் பூரித்துப்போனாள். மீன்களை இறக்கினாள். கடலை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே ஓட்டமாய் ஓடி, நின்று, திரும்பி, மறுபடி ஓடியது. வால் எங்கும் மடங்கவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது, அவளைக் கேட்க வேண்டுமா? வருஷப் பிறப்புக்கு முந்தின நாள் குடும்ப விருந்து. "அதுங்களும் நம்ம குடும்பம்தானே" என்று பாக்-சுன் மீன்களுக்கும் கை நிறையத் தீனி அள்ளிப் போட்டான்.

முதல் நாள் காலை, வாழ்த்துச் சொல்ல ஆரஞ்சுப் பழத்தோடு நான் போனால், தொட்டித் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கடலை சாய்ந்தே விட்டது. மெய்-கிங் ஃபில்டரைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று ஸ்பாஞ்சு.

"யோவ்! இதைக் கழுவினது யாரு?"

"நான்தான். ஏன், அழுக்கு போகலையா?"

அவள் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. பாக்-சுன் முகம் செத்துப்போயிற்று.

"என்ன பண்ணணும்னு சொல்லு. பண்றேன்."

"பாதித் தண்ணிய எடுத்துக் கொட்டணும். இப்பவே."

முதல் நாளில் வீட்டுத் தண்ணீரைக் கொட்டுவதா? அந்த வருஷத்துச் செல்வத்தையே கொட்டுவதற்குச் சமம். பாக்-சுன் அன்றைக்குக் கோப்பையில் மிஞ்சிய தேநீரைக்கூடக் கொட்ட விடமாட்டான். திருதிருவென்று விழித்துவிட்டு, சட்டென்று, "கொட்ட வேணாம். எடுத்து வெக்கலாம்!" என்றான்.

பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! வாளி நிறைந்தது, சோற்றுப் பானை நிறைந்தது, சூப் அண்டா நிறைந்தது. முதல் நாள் துணி துவைக்கக்கூடாது என்பதால் துவைக்கும் இயந்திரம் சும்மாதானே கிடந்தது, அதுவும் நிறைந்தது. "லோ அக்கா, உங்க மெஷின்?" என்று என் வீட்டுக்கும் வந்துவிட்டார்கள். எடுக்க எடுக்க, குளோரின் போக மருந்து கலந்த குழாய்த் தண்ணீரை மெய்-கிங் மெதுவாக உள்ளே விட்டாள். விருந்தாளியாக வந்த பாக்-சுன்னின் அத்தை மூக்கைப் பிடித்தாள்.

"என்னடா இது, வீடெல்லாம் மீன் தண்ணி?"

"இந்த வருஷம் செல்வம் பொங்குது அத்தை! பாத்து நடங்க, மிதிச்சிராதீங்க!"

அழுக்கு ஸ்பாஞ்சுக்கு எங்கே போவது? மீன் தெருவில் அன்றைக்கு ஒரு கடைகூடத் திறந்திருக்காது. மேல் மாடியில் டாக்ஸி ஓட்டும் பாங் மீன் வளர்ப்பவன், சோம்பேறி, தொட்டியைத் தொட்டதே இல்லை. ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பாங், நல்லா இரு, உன் அழுக்குல கொஞ்சம் கொடேன்!"

"முதல் நாளும் அதுவுமா வந்து கேக்குற கேள்வியா அக்கா இது?" என்று சிரித்துச் சிரித்துப் புரையேறியவன், தன் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, சகுனத்துக்கு ஒரு சிவப்புக் கயிறும் கட்டிக் கொடுத்தான்.

அதை வைத்தும் சாயங்காலம் கடலை சாய்ந்தேதான் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது.

"இன்னொரு தடவ மாத்தணும்," என்றாள் மெய்-கிங்.

சுற்றிப் பார்த்தோம். எங்கள் தாழ்வாரத்து வீடுகளில் காலியாக ஒரு குவளைகூட மிச்சமில்லை. அவள் புருஷனைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. கடலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாக்-சுன் குனிந்து, நிறைந்திருந்த பெரிய வாளியை இரு கையாலும் தூக்கினான். குளியலறைக்குப் போனான். தொம்மென்று தண்ணீர் விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் காலி வாளியோடு திரும்பி வந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ம், மொள்ளு," என்றான். "கடலைக்கு மூச்சு முட்டுது."

அன்று அவன் எத்தனை வாளி கொட்டினான் என்று நாங்கள் யாரும் எண்ணவில்லை. மறுநாள் காலை எதிர் வீட்டிலிருந்து ஒரே கூச்சல். பதறி ஓடினேன். கடலை நிமிர்ந்து நீந்திக்கொண்டிருந்தது. அந்த ராட்சசத் தொட்டிக்கு முன்னால், நாற்காலி இல்லாத இடத்தில், பாக்-சுன் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "லோ அக்கா, இங்க வாங்க, திரும்புறான் பாருங்க, திரும்புறான்!" என்று கத்திக்கொண்டிருந்தான்.