புது விசைகளில் பழைய கடிதம்

வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையில் ஒரு பழைய கணினி வைத்திருந்தேன். வைரஸ் பிடித்த பிறவி. பட்டனை அழுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடித்தால்தான் கண் திறக்கும். கொட்டாஞ்சேனையில் தட்டச்சுக் கடையில் வேலை செய்த நண்பன் விண்டோசுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் சீடி ஒன்றைத் தந்தான். "சும்மா தாறாங்கள் மச்சான், ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை" என்றான். அந்த யுத்த காலத்துக் கொழும்பில் ஒருவரையும் கேட்காமல் எங்களால் செய்யக்கூடிய காரியம் வேறு என்ன இருந்தது? அதற்காகவே ஆசைப்பட்டேன்.

சொல்லித்தர ஆளில்லை. கேள்வி வந்த இடமெல்லாம் ஓம், ஓம் என்று அழுத்தினேன். கணினியின் பழைய வட்டு முழுவதும் அழிந்தது. நான் கவலைப்படவில்லை, முக்கியமான ஒன்றை முன்பே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். கீழ்வீட்டு அன்ரிக்கு நான் அடித்துக் கொடுத்த கடிதம் அது. கடைக்குப் பாண் வாங்கப் போன அவருடைய ஒரே மகன் வீடு திரும்பாததைப் பற்றியது.

இரண்டு நாள் கழித்து அன்ரி மேலே வந்தார். மறுநாள் காலை அந்தக் கடிதத்தை ஒரு விசாரணைக் குழுவிடம் கொடுக்க வேண்டுமாம். கையில் இருந்த பிரதிகளையெல்லாம் கேட்ட கேட்ட இடங்களில் கொடுத்து முடித்திருந்தார்.

பென்டிரைவைச் செருகிக் கடிதத்தைத் திறந்தேன். திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். அப்போது நாங்கள் எல்லாரும் பழகியிருந்த எழுத்துரு அப்படி: உள்ளே ஆங்கிலம், மேலே தமிழ்ச் சட்டை. அந்தச் சட்டையை நானே வட்டோடு சேர்த்து அழித்துவிட்டேன். நண்பனிடம் போய் வாங்கி வரலாமென்றால், பின்னேரத்திலிருந்து காலி வீதியில் ஆமியின் சுற்றிவளைப்பு.

அன்ரி ஏசவில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"அது எனக்கு மனப்பாடம், தம்பி. நான் சொல்லுறன், நீர் அடியும்."

லினக்ஸிலும் தமிழ் இருந்தது. ஆனால் விசைகள் வேறு இடங்களில். ஒவ்வோர் எழுத்தாகத் தேடினேன். என் மந்தத்தால் 'திரும்பி வரவில்லை' என்பதை அவர் மூன்று தரம் சொல்ல வேண்டி வந்தது. மூன்று தரமும் ஒரே குரல். மகன் அன்று போட்டிருந்த சேட்டின் நிறம், முழங்காலில் இருந்த தழும்பு, எல்லாம் முதல் கடிதத்தின் அதே ஒழுங்கில் வந்தன. நான் தலை நிமிரவில்லை.

வயது என்றதும் நிறுத்தினார். இருபத்திமூன்று என்று எனக்கு நினைவிருந்தது, அடித்துவிட்டேன்.

"இல்லைத் தம்பி. போன மாசம் அவனுக்குப் பிறந்தநாள் வந்தது. இருபத்திநாலு எண்டு போடும்."

அழித்துவிட்டு அடித்தேன். அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. எண்கள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன.