'வெளியே வந்தது'

கையுறையைக் கழற்றி, முழங்கை வரை கழுவித் துடைத்த பிறகுதான் அவள் லேப்டாப்பைத் திறப்பாள். மூடியின் கீல் விட்டுப்போய்விட்டது. சுவரில் சாய்த்தால்தான் திரை நிற்கும். தட்டுவது வலது ஆள்காட்டி விரலால் மட்டும்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது பத்தொன்பது வருடத் தொழில். ஆளுக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் மூன்று கோப்புகள்: 'உள்ளே போனது', 'வாயில் வந்தது', 'வெளியே வந்தது'. பக்கவாதத்தில் விழுந்த லாரிக்காரர் அவளை எருமை என்றது, தேதியோடு இரண்டாவதில் இருக்கிறது. "திட்டினா மூளை வேலை செய்யுதுன்னு அர்த்தம். திட்டலைன்னாதான் பயப்படுவேன்" என்பாள்.

லாரிக்காரர் ஒரு வாரமாகக் கத்தினார், கட்டிலை உதைத்தார். வயிறுதான் காரணம் என்றாள் அவள். "வெளிக்குத் தினமும்தான் போறாரே" என்று அவருடைய மகன் பேச்சைத் தள்ளிவிட்டார். தூக்க மருந்தை இரட்டிப்பாக்க அன்று மாலை டாக்டர் வருவதாக ஏற்பாடு. அது ஏறினால் மனிதர் சுருண்டுவிடுவார். இரண்டு மாதம் தோள் கொடுத்து வாசல்வரை நடக்கவைத்ததெல்லாம் வீண்.

எழுத்தில் காட்டலாம் என்று லேப்டாப்பைத் திறந்தாள். மூன்றாவது கோப்பைக் காணோம்.

"நீங்க அப்பாவைக் குளிப்பாட்டிட்டு இருந்தப்ப நான்தான் க்ளீன் பண்ணேன்க்கா" என்றார் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன். "வெளிக்குப் போனதுக்கெல்லாம் ஒரு ஃபைலா? அசிங்கமா இருக்கு."

"உங்களுக்கு அசிங்கம் தம்பி. எனக்கு அதுதான் சேதி." திரையின் மூலையில் இருந்த குப்பைத்தொட்டியைத் திறந்தாள். "குப்பையைக் கிளறுறது எனக்கு என்ன புதுசா?" கோப்பை வெளியே இழுத்துப் போட்டாள்.

மாலையில் டாக்டர் பேனாவைத் திறந்ததும், மருந்துச் சீட்டின் மேலேயே லேப்டாப்பை வைத்து, திரையைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"இதைப் படிச்சுட்டு எழுதுங்க டாக்டரம்மா. தினமும் போறாரு, சரி. எவ்வளவு? ஒரு கரண்டி, அதுவும் வெறும் தண்ணி, அடைப்பைச் சுத்திக் கசியுறது. போன மாசமும் இப்படித்தான். எனிமா கொடுத்த அன்னைக்கே கத்தல் நின்னுச்சு. வயித்துல கட்டினதுக்கு மூளைக்கா மருந்து?"

டாக்டர் இரண்டு முறை படித்தார். எழுந்து லாரிக்காரரின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது. எனிமா என்று மட்டும் எழுதினார்.

மறுநாள் மதியம் லாரிக்காரர் உதைக்கவில்லை. எருமை என்று ஒருமுறை கூப்பிட்டார், பதிவானது.

மகன் பின்னால் வந்து நின்றார். "ஆனாலும் அந்தப் பேரையாவது மாத்துங்கக்கா."

"மாத்திட்டா போச்சு."

ஒற்றை விரலால் அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு பூஜ்யம் தட்டினாள். எண் முன்னால் வந்ததும், கடைசியில் கிடந்த 'வெளியே வந்தது' பட்டியலின் உச்சிக்குப் போய் உட்கார்ந்தது. திரையை மகன் பக்கம் திருப்பிச் சுவரில் சாய்த்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டாள்.