நண்டு ரசத்தில் கரைத்த சத்து மாத்திரை

மருமகளுக்கு டெங்கு என்றதும், ஊர் நர்ஸம்மா இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னாள். அது மலத்தைக் கறுப்பாக்குமாம். உள்ளே ரத்தம் கசிந்தால் தெரியாமல் போகுமாம். மீதியைத் திருப்பிக் கொடு என்றும் கேட்டாள். எனக்குச் சந்தேகம். ரத்தம் போதாது என்று கொடுத்தவளே இவள்தானே? இப்போது யாருக்கு விற்கப் பார்க்கிறாள்?

காய்ச்சல்காரர் தலைமாட்டில் மீன் வெட்டும் கத்தியை வைப்பது எங்கள் வழக்கம். வெளியே இருக்கும் இரும்பே காக்கும்போது உள்ளே போகும் இரும்பு கெடுக்குமா? தினமும் இரண்டு மாத்திரையை நசுக்கி நண்டு ரசத்தில் கரைத்தேன்.

"இன்னா அத்தே, நங்கூரத்த நக்குன மாதிரி கீது?"

"காய்ச்ச வாய்க்கு அப்டித்தான்டி இருக்கும். குடி."

மூன்றாம் நாள் மலம் கன்னங்கரேலென்று போனது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"உள்ள ரத்தம் கசியுது போல. உடனே சென்னைக்கு அனுப்பணும்" என்றார் டாக்டர். என் மகன் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தான்.

"இருங்க சார். நான்தான் சத்து மாத்திரைய ரசத்துல கலந்து குடுத்தேன்."

"அப்போ இது ரத்தம் இல்லன்னு உறுதியா சொல்வீங்களா?"

நர்ஸம்மா சொன்னதும் இதைத்தானே.

சோதித்தார்கள். ரத்தம் இல்லை. மருமகளும் தேறி வந்தாள்.

மீதி மாத்திரையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நர்ஸம்மா ஒவ்வொன்றாக எண்ணித்தான் வாங்கினாள். என்னையே சந்தேகப்படுகிறாள், பாருங்கள்!