கம்பெனி உயரம்

அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு இரண்டு பயம். ஒன்று, லிஃப்ட் அறுந்து விழுந்துவிடுமோ என்று. இன்னொன்று, லிஃப்ட்காரர் வந்துவிடுவாரோ என்று. வந்தவர் சும்மா கதவைத் திறக்கமாட்டார். இடுக்கில் வாயை வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"எத்தனை பேர் உள்ள? நிக்கிறதுக்கு முன்னாடி ஏதாச்சும் சத்தம் வந்துச்சா? யாராவது குதிச்சீங்களா?"

"யோவ், முதல்ல வெளிய விடுய்யா!" என்று உள்ளிருந்து யாராவது அலறுவார்கள்.

"விடுறேன் சார். 'டக்'குன்னு வந்துச்சா, 'கிர்'ருன்னு வந்துச்சா, அதை மட்டும் சொல்லுங்க."

ஆள் கெட்டவர் இல்லை. ஒரு பொருள் ஏன் இப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவதாகத் தலையை நீட்டி "என்னவாம்?" என்பார். அதனால் கூட வேலை செய்பவர்கள் அவருக்கு 'என்னவாம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கட்டிக்கொண்டவளுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போதெல்லாம் அவர் வாயைத் திறப்பதற்குள் பதிலைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

அவருடைய அக்கா வீடு மூன்று தெரு தள்ளி இருந்தது. அக்காவின் கணவர், அவருக்கு அத்தான், ஒரு தொழிற்சாலையில் இரும்பைக் கடையும் லேத் மெஷின் ஓட்டியவர். போன வருஷம் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து அக்கா வாசல் கேட்டைத் தாண்டவில்லை. காய்கறி, மாத்திரை, கரண்ட் பில் எல்லாம் தம்பி தலையில். அவர் தினமும் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப்பார்ப்பார். "வந்துட்டியா, சரி போயிட்டு வா" என்று ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவிடுவாள். ஊர்க்கதை பேசி வாய் ஓயாத அக்கா இப்படி ஆகிவிட்டாள். இப்படியே விட்டால் அந்த நாலு சுவருக்குள்ளேயே ஒரு நாள் முடிந்துபோய்விடுவாள் என்று பயந்தார்.

கூப்பிட்டுப் பார்த்தார். கோபித்துக்கொண்டும் பார்த்தார். அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அத்தானின் மோட்டார் சைக்கிள் ஞாபகத்துக்கு வந்தது. லிஃப்ட்காரர் பிறப்பதற்கு முன்பே செய்த வண்டி. செய்த கம்பெனியை இழுத்து மூடியே பல காலம் ஆகிறது. அத்தான் அதைப் பழையதாக வாங்கிக் கடைசிவரை வைத்திருந்தார். அதைச் சரிபண்ணிக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி, "ஏறுக்கா" என்று பின்னால் உட்காரவைத்து ஒரு சுற்று கூட்டிப்போனால்? வேறு எந்த வண்டியில் கூப்பிட்டாலும் மாட்டேன் என்பாள். இதில் அப்படிச் சொல்ல அவளுக்கு வாய் வராது என்று நம்பினார்.

"டேங்க் துருப்பிடிச்சு ஓட்டையாயிடும்க்கா. எடுத்துட்டுப் போயி பெயிண்ட் அடிச்சு வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். திட்டத்தைச் சொல்லவில்லை. அக்கா "ம்" என்றாள்.

இஞ்சின் அவ்வளவாகப் படுத்தவில்லை. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது, அதைக் காலிசெய்தார். வயர் முழுக்க மாற்றினார். பின்சக்கரத்தின் மேல் இருக்கும் இரண்டு ஷாக் அப்சார்பர்களைக் கழற்றியபோதுதான் வினை ஆரம்பித்தது. இரண்டிலும் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தது. துடைத்துப் பார்த்தால், இருக்கவேண்டியதைவிடக் கட்டை. பழைய வண்டிப் பிரியர்கள் என்று ஊரில் ஒரு கூட்டம் உண்டு; அவர்கள் போனில் அனுப்பிய படங்களில் இதே வண்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. இது மட்டும் நாலு விரல் பதுங்கி நிற்கிறது. முன்னால் பார்த்தால் அங்கேயும் அதே கதை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களை அவற்றின் பிடிக்குள் மேலே தள்ளி, வண்டியின் மூக்கையும் இறக்கியிருந்தார்கள்.

ஏன்?

இந்தக் கேள்வி அவர் மண்டையைக் குடைந்த குடைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டார். "ரேஸ் ஓட்டுன வண்டியா இருக்கும்ணே. தாழ்வா இருந்தா வளைவுல படுத்துத் திரும்பலாம்" என்றான் அவன். அத்தான் வண்டி ஓட்டும் வேகத்துக்கு நாய்கூடத் துரத்தாது. டயர் கடைக்காரர், "முன்னாடி வச்சிருந்தவன் ஸ்பிரிங் உடைஞ்சு, கிடைச்சதைப் போட்டு ஒப்பேத்தியிருப்பான்" என்றார். பழைய வண்டிப் பிரியர்களின் தலைவர் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "நல்ல வண்டியை யாரோ நாசம் பண்ணிவச்சிருக்கான் சார். கம்பெனி உயரத்துக்குக் கொண்டுவாங்க. கம்பெனியிலேருந்து எப்படி வெளிய வந்துச்சோ அப்படி நின்னாதான் அதுக்குப் பேரு வண்டி."

அந்தக் கூட்டத்துக்கு அதுதான் வேதவாக்கு. லிஃப்ட்காரருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. லிஃப்ட் தரை மட்டத்துக்கு ஒரு விரல் கீழே நின்றால்கூட அவருக்குக் கை பரபரக்கும்.

அப்புறம் அலைந்தார் பாருங்கள், அது அலைச்சல். கழற்றிய ஷாக் ஒன்றைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். கடைக்காரர்கள் அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். வெளியூரிலிருந்து ஒருவன் "ஒரிஜினல், கேரண்டி" என்று அனுப்பிய பார்சலைப் பிரித்தால் ஸ்கூட்டர் ஷாக் பல்லைக் காட்டியது. இன்னொருவன் பணம் வாங்கிக்கொண்டு போன் நம்பரையே மாற்றிவிட்டான். விட்டுத்தொலை என்று மனைவி சொன்னாள். அவரா விடுவார்?

கடைசியில் பழைய இரும்புச் சந்தின் கோடியில் நட்டு என்பவரின் கடையில் அகப்பட்டது. கூரைவரை சாமான், நடுவில் நட்டு உட்கார ஒரு முக்காலிக்கு மட்டும் இடம். ஒரு பீப்பாய்க்குள் தோள்வரை கையை விட்டு நட்டு எடுத்துக் காட்டினார். முழு நீளம், இரண்டும் ஒரே ஜோடி, ஒரு கீறல் இல்லை. லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"எவ்வளவுண்ணே?"

"காசுக்குத் தர்றதில்ல. சாமானுக்குச் சாமான். இந்த வண்டியோட ஷாக் வேணும்னா இதே வண்டியிலேருந்து என்கிட்ட இல்லாததா ஒண்ணு கொண்டா."

நட்டுவின் வழக்கம் அது. காசு வாங்கிப் போட்டால் கடை ஒரு நாள் காலியாகிவிடும், சாமான் வாங்கிப் போட்டால் ஆகாது என்பது அவர் கணக்கு. லிஃப்ட்காரர் பையிலிருந்த கட்டை ஷாக்கை எடுத்து நீட்டினார். நட்டு அதை வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இதைக் கட்டையாக்குனவன் ஏனோதானோன்னு பண்ணல. லேத்துல வச்சுப் பண்ணியிருக்கான். இன்னொண்ணும் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப ரெண்டையும் குடுத்துட்டு இதை எடுத்துக்கோ. இது எதுக்குன்னு நான் பிரிச்சுப் பாக்கணும்."

லேத் என்ற சொல் காதில் விழுந்தபோதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஊரில் எல்லாரையும் கேள்வி கேட்டே கொன்ற மனிதர்! கிடைத்த சந்தோஷத்தில் மறுநாளே இன்னொன்றையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் புதையலோடு வீடு திரும்பி, முன் குழாய்களையும் கம்பெனி அளவுக்கு இறக்கி மாட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அக்கா வீட்டுக் கேட்டுக்குள்ளே நிறுத்தினார். கறுப்பு டேங்க் கண்ணாடியாக மின்னியது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். முகத்தில் ஏதோ அசைந்தது. 

"ஏன்டா இது இவ்வளவு ஒசரமா நிக்குது?"

"அதான்க்கா கம்பெனி உயரம்! யாரோ கோமாளி கட்டையாக்கி வச்சிருந்தான். அலையா அலைஞ்சு ஒரிஜினல் புடிச்சேன்."

"கம்பெனிக்காரனா ஓட்டுனான்?" என்றாள் அக்கா.

சொல்லிக்கொண்டே காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். பின்சீட்டில் அல்ல, முன்சீட்டில். "அக்கா, முன்னால இல்ல" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கை தானாகக் கிளட்ச்சில் போய் உட்கார்ந்தது. கால் இரண்டும் தரையைத் தேடின. கட்டைவிரல் நுனிகூட எட்டவில்லை. வண்டி சாய்ந்தது. அவர் பாய்ந்து பிடிக்காவிட்டால் அக்கா, வண்டி, பெயிண்ட் எல்லாம் தரையில்.

அக்கா மெதுவாக இறங்கினாள். "பழசு எங்க?"

"குடுத்துட்டேன்க்கா. மாத்துக்கு."

"அது அவரு செஞ்சதுடா. எனக்காகச் செஞ்சது."

 அக்கா படியில் உட்கார்ந்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு முதன்முதலாக நீளமாகப் பேசினாள். அத்தானுக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. லேத்துக்கு மேல் விளக்கு எரியும், அங்கே பிரச்சினை இல்லை. இருட்டு ரோட்டில்தான் ஒன்றும் தெரியாது. தொழிற்சாலைக்குத் தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அதனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பகலில் அவர் ஓட்டிக்கொண்டு போவார். ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கு அக்கா பஸ்ஸில் போய்விடுவாள்.

"ஃபேக்டரி கேட்டுலேருந்து தள்ளிக்கிட்டு வருவாரு. முக்கு திரும்புனதும் அவரு கோட்டை நான் போட்டுக்குவேன். ரெண்டு பேருக்கும் ஹெல்மெட். அவரு பின்னால என் சால்வையைப் போத்திக்கிட்டு உக்காந்துக்குவாரு. அவரு கனத்தையும் சேத்துத் தாங்கி நிறுத்தணுமே, எனக்கு ரெண்டு காலும் ஊணணும்னுதான் வண்டியை இறக்குனாரு."

"எத்தனை வருஷம்?"

"ஏழெட்டு இருக்கும்."

"நான் பஸ் ஸ்டாப்புல நின்னு 'அத்தான்'னு கத்துவேனே. கை காட்டுவாரே!"

"நான்தான் காட்டுனேன்" என்று சொல்லி அக்கா சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் அழுகையும் வந்துவிட்டது.

லிஃப்ட்காரர் ஓடினார். நட்டு கட்டை ஷாக் இரண்டையும் பிரித்துச் செய்தித்தாளில் பரப்பிவைத்துக்கொண்டு, அதன் எதிரே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். முழு நீள ஜோடியைக் கழற்றிக் கொண்டுவந்தால் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொன்றுக்குள்ளும் தண்டில் மூன்று பித்தளை வளையங்கள் கோத்திருக்கின்றன. அவைதான் ஷாக்கை முழுசாக நீளவிடாமல் தடுக்கின்றன. "ஒரே வளையமா பெருசா கடைஞ்சு போட்டா வேலை முடிஞ்சுது. எதுக்கு மூணு? அதை யாராச்சும் சொன்னாதான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்."

இவருக்கு இப்படி ஒரு கூட்டாளியா என்று உங்களுக்கும் தோன்றும். இரண்டு பேருமாகச் செய்தித்தாளை நாலு மூலையும் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அக்கா ஒரு ஷாக்கின் மூன்று வளையங்களையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள்.

"முதல் வளையம் போட்டப்ப விரல் நுனி பட்டுச்சு. 'போதும்'னேன். போதாதுன்னு சொல்லி அடுத்ததைக் கடைஞ்சுட்டு வந்தாரு. பாதி பாதம் ஊணுச்சு. அதுக்கும் 'போதும்'னேன். அவரு கீழ உக்காந்து என் குதிகாலுக்கு அடியில கைய விட்டுப் பாத்தாரு. இடுக்கு இருந்துச்சு. அப்புறம்தான் மூணாவது."

நட்டு கொட்டகையிலேயே உட்கார்ந்து புது ரப்பர் சீல் போட்டு, எண்ணெய் ஊற்றி, வளையங்களை வரிசை மாறாமல் கோத்து இரண்டையும் மூடித் தந்தார். போகும்போது தன் முழு நீள ஜோடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

அடுத்த ஞாயிறு பொழுது சாயும் நேரம். ஷாக்கையும் முன் குழாயையும் பழையபடி மாட்டியதில் வண்டி மறுபடி நாலு விரல் பதுங்கி நின்றது. அக்கா அத்தானின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து ஏறினாள். குதிகால் இரண்டும் அழுந்த ஊன்றின. இரண்டாவது உதையில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"ஏறுடா."

அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கேட் திறந்தே கிடந்தது. வண்டி நகரவில்லை. அக்காவின் தோள் இறுகியிருந்தது. 

"என்னக்கா? வேணாம்னா இறங்கிடலாம்."

"அவரு கேட்டுக்கிட்டே வருவாருடா" என்றாள், திரும்பாமல். "எதிர்ல என்ன வருது, இப்ப என்ன வருதுன்னு. கண்ணு தெரியாதுல்ல. நான் சொல்லிக்கிட்டே ஓட்டுவேன். பின்னால யாரும் கேக்கலைன்னா எனக்கு ஓட்ட வராது."

லிஃப்ட்காரர் அக்காவின் தோளுக்கு மேல் தலையை நீட்டினார்.  

"என்னக்கா வருது?"

"ஒரு வேன் வருது" என்றாள் அக்கா, கிளட்ச்சை விட்டபடி. "வெள்ளை வேன். அதுக்குப் பின்னால சைக்கிள்ல ஒரு பொண்ணு, லைட்டு இல்லாம வர்றா. அந்தப் பக்கம் ஒருத்தர் கதவைப் பூட்டிட்டுப் பூட்டை இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

"அப்புறம்?" என்று கேட்டார்.